இனிக்கிற புகை

மெக்கானிக் வட்டாரத்துல என் வீட்டுக்காரருக்குப் பேரே 'மூக்கு'தான். பானெட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே மோந்து பார்த்து, கருகினது பெல்ட்டா கிளட்ச்சான்னு சொல்லிடுவாரு. கல்யாணமான புதுசுல, வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே "இன்னிக்கு தலைக்குக் குளிச்சியா?"ன்னு கேட்பாரு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

கொஞ்ச மாசமா அந்தக் கேள்வி இல்ல. சமையலைப் பத்தியும் ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் சட்டி அடிப்பிடிச்சு வீடே நாறுச்சு, மனுஷன் பேசாம சாப்பிட்டுட்டு எழுந்து போறாரு. சுவத்தோட குடித்தனம் நடத்துற மாதிரி இருந்தது. எனக்கு மனசு விட்டுப்போச்சு. அக்கா வீட்டுக்குப் போயிடறதுன்னு பெட்டி கட்டிட்டேன். திரும்பி வர்ற எண்ணமில்ல. அவர்கிட்ட "கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்"னு மட்டும் சொன்னேன். "காரை எடுத்துட்டுப் போ"ன்னாரு. போகாதேன்னு சொல்லலை.

விடிஞ்சும் விடியாம கிளம்பினேன். தெரு முழுக்கப் பனி. முனை திரும்பினதும் இன்ஜின் சூட்டைக் காட்டுற முள் விறுவிறுன்னு ஏறுது. கண்ணாடியில பார்த்தா பின்னாடி வெள்ளையா ஒரு மேகம் என்னைத் துரத்திக்கிட்டு வருது. அப்படியே திருப்பி, வீட்டையொட்டி இருக்கிற பட்டறைக்கே வந்துட்டேன். அவர் அப்போதான் பட்டறையைத் திறந்துக்கிட்டிருந்தாரு.

இறங்கினா, புகை சுவரையெல்லாம் அழிச்சிடுச்சு. ஸ்பேனர்கள் காணோம், ஜாக்கியைக் காணோம். நானும் அவரும் மட்டும் தண்ணிக்கடியில நிக்கிற மாதிரி இருந்தது. பாகு காய்ச்சின மாதிரி ஒரு இனிப்பு வாடை. கோபமா இறங்கினவ, அந்த வாடையில ஒரு நிமிஷம் எதுக்கு வந்தேன்னே மறந்து நின்னேன்.

"இனிப்பா வாடை வருதுங்க."

அவர் சைலன்சர் பக்கம் குனிஞ்சு, நல்லா இழுத்து மோந்தாரு. "ஒண்ணுமில்ல. காலைப் பனிக்கு வர்ற ஆவி."

போன வாரமும் இதையே சொல்லித்தான் ரேடியேட்டர் மூடியை மட்டும் மாத்தினாரு. இன்ஜினை அணைச்சேன். என்னமோ தோணுச்சு. கைப்பையிலிருந்து சென்ட் பாட்டிலை எடுத்து, அவர் முதுகுக்குப் பின்னால அடிச்சேன். சென்ட்னாலே அவருக்கு ஆகாது, ஜன்னலைத் திறன்னு வீட்டையே ரெண்டாக்குவாரு. இப்போ தன் பாட்டுக்கு ஹோஸைத் தடவிக்கிட்டிருந்தாரு.

"எத்தனை நாளா மூக்கு வேலை செய்யலை?"ன்னு கேட்டேன்.

கையைத் துணியில துடைச்சாரு, துடைச்சுக்கிட்டே இருந்தாரு. "அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அப்போலேர்ந்து."

"ஊருக்குச் சொல்ல வேணாம். எங்கிட்டயுமா?"

"சாப்பாடு நல்லாருக்குன்னா பொய். நல்லால்லன்னாலும் பொய். அதான் வாயை மூடிக்கிட்டேன்."

அடப்பாவி மனுஷான்னு இருந்தது. ஓங்கி ரெண்டு வைக்கலாமான்னும் இருந்தது, கட்டிக்கிட்டு அழலாமான்னும் இருந்தது.

"கண்ணு இருக்கில்ல? பாருங்க"ன்னேன்.

இன்ஜின் ஆறினதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. தண்ணிக்குள்ளேர்ந்து குமிழ் குமிழா வந்தது. "ஹெட் கேஸ்கெட்டும்மா. எரியுற காத்து தண்ணிக்குள்ள போகுது, தண்ணி எரியுற இடத்துக்குப் போகுது. தண்ணியில கலந்த கூலன்ட் எரிஞ்சாத்தான் அந்த இனிப்பு வாடை." தனக்குத் தானே சொல்லிக்கிற மாதிரி மெதுவாத்தான் சொன்னாரு.

போல்ட்டையெல்லாம் கழட்டி, இன்ஜினுக்கு மூடி மாதிரி இருந்த ஹெட்டைத் தூக்கினாரு. இரும்புக்கு நடுவுல இருந்த அந்தக் கேஸ்கெட் தகடு ஒரு ஓரத்துல நகக்கீறல் அளவுக்கு எரிஞ்சிருந்தது. இவ்வளவு பெரிய இன்ஜினை இந்தத் துளியூண்டு ஓட்டை படுக்க வச்சிடுச்சு. ஹெட்டைச் சுரண்டித் துடைச்சு, மட்டப்பலகை வச்சுக் கோணலில்லைன்னு பார்த்து, புதுத் தகட்டை உட்கார வச்சாரு. நான் லைட் பிடிச்சேன். நடு போல்ட்ல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, சுத்திச் சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினாரு. ஒண்ணையே ஒரேயடியா இறுக்கினா ஹெட் கோணிக்குமாம். அந்தக் கை சுத்துறதைப் பார்த்துக்கிட்டே எனக்குக் கண்ணு சொருகுச்சு. எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியலை, வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

ஸ்டார்ட் பண்ணினோம். கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தது. பழக்கத்துல அவர் குனிஞ்சாரு, பாதியில நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு. "நீ பாரு."

குனிஞ்சேன். "இனிப்பு இருக்கு."

"குழாய்ல தங்கினது. விடு, போகட்டும்." கொஞ்சம் பொறுத்து, "இப்போ?"

"வெறும் புகைதான்."

அவர் முகத்துல ஒரு நிம்மதி வந்தது, உடனே போயிடுச்சு. சாவியை நீட்டினாரு. "கிளம்பு. இருக்கிற துணியையெல்லாம் எடுத்து வச்சிருக்கே, பார்த்தேன்."

"பார்த்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

"வச்சதைத் தின்னுட்டு எழுந்து போறவன் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு 'இரு'ன்னு சொல்றது?"

நான் சாவியை வாங்கலை. டிக்கியைத் திறந்து பெட்டியை வெளியே எடுத்து வச்சேன். அவர் அதைத் தூக்க வந்தவரு, என் பக்கத்துல வந்ததும் நின்னுட்டாரு.

"இன்னிக்கு தலைக்குக் குளிச்சியா?"

முன்னெல்லாம் பதில் தெரிஞ்சுக்கிட்டே கேட்பாரு. இன்னிக்குத் தெரியாமத்தான் கேட்டாரு.

"குளிச்சேங்க"ன்னு சொன்னேன்.