லிங்கராஜபுரத்தில் ஒரு காலிக் கட்டில்

1

2004-இல் எங்கள் பங்குக்கோவில் ஆண்டு மலருக்கு ‘முதியோருக்கு ஏற்ற இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். ரெமிஜியஸ் மாமாவை நான் அலைந்து திரிந்து நல்ல இடமாகப் பார்த்துச் சேர்த்தேன் என்று எங்கள் பகுதியான ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பேச்சு இருந்தது. நான்கு வரி எழுதினேன். நான்கும் பொய். பொய்தான் எழுதப்போகிறேன் என்றால் கதையாகவே எழுதிவிடலாமே என்று தோன்றியது. அப்படித் தொடங்கியதுதான் இது.

2

முதல் தொடக்கம்: ‘செல்வின் கல்நெஞ்சக்காரன். மனைவியின் தாய்மாமன் வீட்டில் இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அவன்—’

அடித்துவிட்டேன். செல்வின் என் கணவர். மாமாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து சவரம் செய்துவிட்டவர் அவர்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கதைக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். கைக்கெட்டும் தூரத்தில் அவர் இருந்தார்.

(வாசகரே, கெட்டவர் யாராவது வேண்டுமென்றால் இனி என்னிடமே வாருங்கள்.)

3

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து பத்து வருடம், தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, என்னை சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துப்போனவர். ஓய்வு பெற்ற பிறகு எங்களோடுதான் இருந்தார்.

எழுபத்தெட்டு வயதில் குளியலறையில் இரண்டு முறை விழுந்தார். ஒருமுறை கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோனார். நான் பள்ளி ஆசிரியை; செல்வினும் வேலைக்குப் போகிறவர். பகலில் ஒரு ஆளை வைத்துப் பார்க்கலாம் என்றார் செல்வின். ஹோம் பார்க்கலாம் என்றது நான். எனக்கு அலுத்துப்போயிருந்தது.

(இந்த ஒரு சொல்லை எழுத மூன்று நாளாயிற்று. முதலில் ‘முடியவில்லை’ என்று எழுதியிருந்தேன்.)

4

மாமாவையும் கூட்டிக்கொண்டுதான் இடம் பார்க்கப் போனேன். லிங்கராஜபுரத்தில் லட்சுமம்மா என்ற ஓய்வுபெற்ற நர்ஸ், தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஆறு பேரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறதா, டாக்டர் எத்தனை நாளுக்கொரு முறை வருவார் என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது, மாமா முன்னறையில் முனியப்பன் என்ற பெரியவரோடு ஏதோ பழைய ஃபுட்பால் மேட்சைப் பற்றித் தகராறில் இறங்கியிருந்தார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது சொன்னார்: “இங்கயே இருந்துக்கறேன், நோரா. சண்டே பூசைக்கு நம்ம கோவிலுக்கே வந்துடலாம்.”

அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே—

(விட்டுவிடுகிறேன். இந்த வாக்கியம் உங்களை அழவைக்கப் பார்க்கிறது.)

அடுத்த வாரம் ஒரு கட்டில் காலியாகும் என்று லட்சுமம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். இரண்டு நாள் கழித்து மாமாவிடம், அங்கே இடமில்லையாம் என்றேன். செல்வினிடமும் அதையே சொன்னேன்.

காரணம் இதுதான். லிங்கராஜபுரம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தினமும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். போகாத நாளில், போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அவரே மெல்ல நடந்துவந்து கதவைத் தட்டினாலும் தட்டுவார். ஊரின் மறுகோடியில், கெங்கேரிக்கு அப்பால் இன்னொரு இல்லம் இருந்தது. சுத்தமான இடம், நல்ல காற்று, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது அந்த இரண்டு பஸ்களை.

5

சேர்க்கிற அன்று செல்வின் அந்த இல்லத்தின் ஆபீஸ் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் மாமாவின் சட்டைகளை அலமாரியில் அடுக்கினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா, சாதாரணமாக, மழை வரும்போல இருக்கிறது என்பதுபோல, பேச ஆரம்பித்தார்.

“போன வாரம் லட்சுமம்மா போன் பண்ணாங்க. நீ ஸ்கூலுக்குப் போயிருந்தே. பெட் காலியாதான் இருக்கு, எப்ப வர்றீங்கன்னாங்க.”

மடித்திருந்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தேன்.

“வேணாம்னு சொல்லிட்டேன். செல்வினுக்குத் தெரியாது.”

பிறகு, பஸ்ஸில் கூட்டம் ஏறிவிடும், நேரத்தோடு கிளம்புங்கள் என்றார்.

6

முடிவு ஒன்று: நோரா அழுதாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மாமாவோடு லிங்கராஜபுரத்துக்கே திரும்பினாள். (ஆண்டு மலருக்கு இது போதும்.)

முடிவு இரண்டு: நோரா செல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்— (தெரியாது. நான் சொல்லவில்லை. அவர் என் கதைகளைப் படிக்கிறவரும் இல்லை.)

நடந்தது: நேரத்தோடு கிளம்பினோம். மாமா அங்கே பதினான்கு மாதம் இருந்தார். நான் ஒன்பது முறை போனேன். ஒவ்வொரு முறையும், நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். டிசம்பரில் நிமோனியா வந்தது. தகவல் கிடைத்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள்.

7

ஏன் வேண்டாம் என்றார் என்று அந்த ஒன்பது முறையும் நான் கேட்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருந்தால், என்னிடம் ஏன் சொன்னார்? என்னைத் தண்டிக்க நினைத்திருந்தால், செல்வினிடம் ஏன் சொல்லவில்லை?

எழுத உட்காரும்போதெல்லாம் அவர் என்னைத் தண்டித்ததாகவே முடிக்கிறேன். அதை என்னால் தாங்க முடிகிறது. மற்ற முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் படித்துக் காட்ட வேண்டாம்.