ஐஸ்கிரீம் வண்டியில் புயல் பிடிக்கப் போனவள்

"மாமா, இன்னும் கொஞ்சம் அழுத்துங்களேன்! மேகம் நம்மள விட்டுட்டுப் போகுது!"

"இது ஐஸ்கிரீம் வண்டிம்மா, ஏரோப்ளேன் இல்ல. உக்காந்து வா."

அக்கா கணவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே இருந்தது. வீட்டில் அவளுக்கு வைத்த பெயரே 'அவசரம்'. ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பது வேலை. "தலைய நேரா வைங்க, சிரிக்காதீங்க" என்று மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். ஒரு விவசாயப் பத்திரிகை, புயலில் வயல் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு படம் கேட்டிருந்தது. படம் இன்று ஐந்து மணிக்குள் அவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும். பிடித்துப்போனால் அங்கேயே வேலை. மணி இப்போது நாலேகால்.

மேட்டில் வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள். வயல் முழுக்கக் கருமேகம் கவிழ்ந்து கிடந்தது. நடுவில் ஒற்றை மரம் வில்லாக வளைந்து ஆடியது.

"கேமரா எங்க?"

"பின்னாடி பெட்டியில வச்சேன். ஒரு சொட்டு மழை போகாதுல்ல!"

மாமா தலையில் கை வைத்தார். "அடிப்பாவி! அது ஐஸ் பெட்டிடி!"

சரக்கு இறக்கிய காலிப் பெட்டிதான். குளிர் மட்டும் அப்படியே இருந்தது. வெளியே எடுத்ததுமே லென்ஸ் வெள்ளையாகப் பூத்துவிட்டது. துப்பட்டாவால் துடைத்தாள். மறுபடி பூத்தது. வாயால் ஊதினாள். இன்னும் மோசம்.

"உள்ள வா! இடி விழுந்தா உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"ரெண்டே நிமிஷம் மாமா!"

ஆனது ஆகட்டும் என்று பொத்தானை அழுத்திப் பிடித்தாள். மரத்துக்குப் பின்னால் பளீரென்று வானம் பிளந்தது. அடுத்த நொடி மழை கொட்ட, ஓடிவந்து வண்டிக்குள் விழுந்தாள்.

லென்ஸ் தெளிய இருபது நிமிடம் ஆனது. அதற்குள் மேகம் கலைந்து, மழையும் தூறலாகிவிட்டது. ஜன்னல் வழியாக இன்னொரு படம் எடுத்தாள். இரண்டையும் போனுக்கு மாற்றி மாமாவிடம் நீட்டினாள்.

முதல் படத்தில் மேகமும் மரமும் ஈரத்தாளில் மை ஊறியது மாதிரி கலங்கிக் கிடந்தன. குறுக்கே மின்னல் மட்டும் ஓடியது.

"என்னம்மா இது, குளியலறைக் கண்ணாடி மாதிரி? ரெண்டாவத அனுப்பு. எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு, இலைய எண்ணிடலாம்!"

எண்ணலாம்தான். மரம் நிமிர்ந்து நின்றது. வயலும் அசையவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா, வயல் தலைய நேரா வச்சிருக்கு. சிரிக்கக்கூட இல்ல!"

நாலு ஐம்பத்தெட்டுக்குக் கலங்கின படத்தை அனுப்பிவிட்டாள்.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று மாமா வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தார். அவள் நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திறந்து பார்த்தாள். பதில் இன்னும் வரவில்லை. நீங்களாவது சொல்லுங்களேன், அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எதை அனுப்பியிருப்பீர்கள்?