ஏழாவது சீட்

தியாகராசன் வண்டி பார்க்கிற அழகே தனி. பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தார். நாலு டயரையும் காலால் உதைத்தார். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்தே பழகிய மனிதர். வண்டிக்கு வாய் இல்லாதது ஒன்றுதான் அவருக்குக் குறை.

"சத்தம் கனமா இருக்கே, பாய்?"

"டீசல் வண்டி அப்படித்தாண்ணே பேசும்" என்றார் சித்தீக். குடவாசலில் பழைய கார் விற்கிறவர். "ஏழு பேரு தாராளமாப் போவலாம். கடைசி சீட்டுல பெரிய ஆளே உக்காரலாம். நானே உக்காந்து காட்டுறேன்."

நடு சீட்டை மடக்கி, தொப்பையை எக்கிக்கொண்டு பின்னால் போய் அமர்ந்தார். தியாகராசன் சீட்டை நிமிர்த்திப் பூட்டிவிட்டு முன்னால் ஏறினார்.

ஸ்டீயரிங் பிடித்தவன் அவர் தம்பி ராஜராஜன். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் நாலு வருஷம் வெல்டிங் அடித்துவிட்டு வந்தவன். வண்டி அவன் காசில்தான், ஆனால் அண்ணன் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒரு செங்கல் நகராது. அவன் மனசோ வண்டியிலேயே இல்லை. வருகிற ஞாயிறு சீர்காழியில் அக்கா குந்தவையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். "ரெண்டு மாமன் உசுரோட இருந்தும் எம்புள்ளைக்கு மடி இல்லையேடா" என்று அக்கா போனில் அழுதிருந்தாள். நான் போகிறேன் என்று இன்றைக்கு அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

அது லேசான காரியமா? ஐந்து வருஷத்துக்கு முன்னால் குந்தவை வேறு சாதிக்காரன் மருதையனைக் கட்டிக்கொண்டாள். மறு வாரமே அண்ணன் மண்வெட்டிக் காம்பால் அவன் வலது கையை ஒடித்தார். பச்சை மூங்கில் முறிகிற சத்தம். துள்ளின காலை அமுக்கிப் பிடித்திருந்தவன் ராஜராஜன்தான். அந்தப் பாவத்தைக் கடல் தாண்டிப் போயும் அவனால் தொலைக்க முடியவில்லை.

வலங்கைமான் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். ராஜராஜன் ஒதுங்கி ஓட்டினான்.

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "நானு, ஒங்க அண்ணி, புள்ளைங்க மூணு, நீ. ஆறுதானே ஆச்சு? ஏழாவது சீட்டு எதுக்குடா தண்டமா?"

"அது அக்காவுக்கு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம சீர்காழிக்குப் போறேண்ணே. பாப்பா என் மடியிலதான் உக்காரும்."

அண்ணன் புறங்கையால் அவன் மூக்கில் விட்டார். ரத்தம் உதட்டில் வழிந்தது. அடுத்த அடியில் கண் இருண்டது. அத்தோடு விடாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தார். வண்டி நெல்மேல் ஏறி வழுக்கி, மதகுச் சுவரில் மோதி நின்றது.

"நடு சீட்ட மடக்குங்கண்ணே! மடக்குங்க!" என்று பின்னாலிருந்து அலறினார் சித்தீக். அவர் பக்கம் கதவு ஏது?

அண்ணன் சுற்றி வந்து தம்பியைச் சட்டையோடு இழுத்துத் தரையில் போட்டார். விலாவில் மிதித்தார். நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் கூச்சலிட்டு ஓடினார்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போன, நெல் தள்ளும் பலகையின் நீளக் காம்பு அண்ணன் கைக்கு வந்தது.

"எந்த மடியிடா? சொல்றா, எந்த மடி?" கேட்டுக் கேட்டு அடித்தார். முதுகில் விழுந்தது, தொடையில் விழுந்தது. ராஜராஜன் அத்தனை வருஷ ஆத்திரத்தோடு எழுந்து தலையால் அவர் வாயில் முட்டினான். அண்ணனின் முன்பல் ஒன்று நெல்லில் தெறித்தது. மறு கணம் காம்பு இறங்கியது. தடுக்கத் தூக்கிய அவனது இடது கை முறிந்தது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்த சத்தம்.

தொங்குகிற கையோடு அண்ணனுக்கு முன்னால் போய் நின்றான்.

"இன்னும் அடிங்க. காலப் புடிக்கத்தான் இன்னிக்கு ஆளு இல்ல."

ஓங்கிய காம்பு அப்படியே நின்றது. வயலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அண்ணன் காம்பை வாய்க்காலில் எறிந்தார். ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கரையோடு நடந்து போனார்.

ராஜராஜன் ஒற்றைக் கையால் நடு சீட்டை மடக்கினான். சித்தீக் இறங்கி, நசுங்கிய முகப்பைப் பார்த்தார்.

"வண்டி எனக்குத்தான் பாய். ஞாயித்துக்கெழம நீங்கதான் ஓட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நசுங்கின முகத்தோடு வண்டி வந்து நின்றது. ஏழு சீட்டில் சொந்தம் என்று இறங்கியது ஒரே ஆள். குந்தவை அவன் கைக்கட்டைப் பார்த்தாள். யார் அடித்தது என்று அவள் கேட்கவில்லை.

மனைப் பலகையில் உட்கார்ந்தவன் மடியில் பிள்ளையை வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததுமே அது வீரிட்டுத் துள்ளியது. ஒரு கையை வைத்துக்கொண்டு அவனால் அடக்க முடியவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த மருதையன் ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் வந்து எதிரே குந்தினான். கோணலாகக் கூடியிருந்த வலது கையால் மகளின் கால்களைப் பிடித்தான்.

"கால நான் புடிச்சுக்கிறேன், மச்சான். நீ தலையப் புடி."

காதில் ஊசி இறங்குவதற்கு முன்பே ராஜராஜன் அழுதுவிட்டான்.