பந்து இறங்கும்வரை அக்கா யாருமில்லை

இரட்டைப் பெண்களில் சின்னவள், பெரியவளைவிட ஒரு நர்ஸ் கை கழுவிவிட்டு வரும் நேரம்தான் தாமதம். அந்த நர்ஸ் கொஞ்சம் சுத்தம் குறைந்தவளாக இருந்திருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் வாங்கிப் போட்டிருப்பாள், யாருக்கும் வம்பில்லை. அவள் சுத்தக்காரி. கை கழுவினாள், துடைத்தாள், முகர்ந்து பார்த்து மறுபடியும் கழுவினாள். திரும்பி வருவதற்குள் ஒருத்தி அக்கா ஆகிவிட்டாள்.

ஒரே உயரம், ஒரே எடை, ஒரே மூக்கு. இருந்தும் புதுச் சட்டை வந்தால் பெரியவள் ஒரு வாரம் போட்டுக் கசக்கிய பிறகுதான் சின்னவளுக்கு வரும். ஆளுக்கொன்று வாங்கினால் என்ன என்று சின்னவள் கேட்டால், "அக்கா போட்டதைத் தங்கச்சி போடறதுதான்டி வழக்கம்" என்று அம்மா முடித்துவிடுவாள். படுக்கையறையில் ஜன்னல் பக்கம் பெரியவளுக்கு. அறையின் நடுவே அவள் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தாள். அழுக்குத்துணிக் கூடை கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துக் கால் அந்தப் பக்கம் போனால் வீடு ரெண்டாகும்.

ஆகவே சின்னவள் கட்டிலில் இருந்தபடியே காலுறையைச் சுருட்டிக் கூடைக்குள் எறியப் பழகினாள். பிறகு கூடத்திலிருந்து எறிந்தாள். அப்புறம் தெருவிலிருந்து, ஜன்னல் வழியாக. கல்லூரிக்குப் போகிற வயதில் அவளுடைய கை எப்படித் தேறியிருந்தது என்றால், காய்கறிக் கடையில் வெங்காயம் வாங்கினால் பையே வேண்டாம். கடை வாசலில் நின்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துக் கூடையைக் கீழே வைத்தால் போதும். முட்டையை மட்டும் கையில் எடுத்து வரச் சொல்லியிருந்தாள். உடையும் என்பதற்காக அல்ல. நேரே கொதிக்கிற தண்ணீரில் போய் விழுந்ததில் அம்மாவின் மேல் தெறித்துவிட்டது.

அப்பா எடைக்கல் சரிபார்க்கும் அலுவலகத்தில் அதிகாரி. மகள்களுக்கு ரொட்டித் துண்டைக்கூடத் தராசில் வைத்துத்தான் கொடுப்பார். ஒரு தட்டு தாழ்ந்தால் அதிலிருந்து பொடியை ஊதிவிடுவார். ஓய்வு நேரத்தில் கூடைப்பந்து நடுவர். பெரியவள் தெருவின் வலப்பக்கக் கல்லூரியில் கேப்டன், சின்னவள் இடப்பக்கக் கல்லூரியில் ஆட்டக்காரி. இரண்டு கல்லூரியும் இறுதியாட்டத்தில் மோதியபோது அப்பாவையே நடுவராகப் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரு மகள் இருப்பதால் எப்படி அநியாயம் செய்தாலும் சரிசமமாகத்தான் செய்வார் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் தட்டுக் கழுவும்போது பேச்சு முற்றியது.

"நாளைக்கு நாங்க ஜெயிச்சா என்னடி தருவே?" என்றாள் சின்னவள்.

"முதல்ல ஜெயிங்க. என்ன வேணும், ஜன்னலா?"

"ஜன்னலை நீயே வெச்சுக்கோ. என்னை அக்கான்னு கூப்பிடணும். சாகுற வரைக்கும்."

பெரியவள் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டிக்குள் போனது. "நாங்க ஜெயிச்சா?"

"இப்பவே உன்னை அக்கான்னுதானே கூப்பிடறேன்?"

"எங்கே கூப்பிடறே, முனகறே. தெருவுக்கே கேக்கற மாதிரி கூப்பிடணும்."

"பொறந்ததை எல்லாம் பந்து போட்டு மாத்துவீங்களாடி?" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள்.

அப்பா செய்தித்தாளை மடித்தார். "ரெண்டு தரப்பும் சம்மதிச்சா எதையும் மாத்தலாம்மா. எடைக்கல்லையே மாத்தறாங்க."

மறுநாள் அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கடைசி விநாடிகளில் சின்னவளின் அணி ஒரு புள்ளி பின்னால். பந்து அவள் கைக்கு வந்தபோது அவள் தன் அணியின் கூடைக்கு அடியிலேயே நின்றிருந்தாள். போட வேண்டிய கூடையோ அந்தக் கோடியில். நடுவில் ஐந்து பேர் பனைமரம்போல நிற்கிறார்கள். சும்மா இருந்திருந்தால் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு தோற்றிருப்பாள். பெரியவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தங்கச்சீ! போதும் விடு, வீட்டுக்குப் போலாம் வா!"

சின்னவளுக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, எறிந்தாள். பந்து கிளம்பியது. அதற்குப் பிறகு மணி அடித்தது. பந்து ஐந்து பனைமரங்களையும் தாண்டி மேலே போனது, விளக்குகளைத் தாண்டிப் போனது, கூரையின் இருட்டுக்குள் புகுந்தது. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள்.

பந்து வரவில்லை.

அப்பா தரையில் மல்லாந்து படுத்து, கையைக் குழலாக்கிக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கூடைக்கு நேர் மேலே, உத்திரத்தில் ஒரு புறாக்கூடு. அதில் ஜம்மென்று பந்து உட்கார்ந்திருந்தது.

"கூரையில பட்டா அவுட்டுதானே சார்?" என்றார் பெரியவளின் பயிற்சியாளர்.

"கூரையில படலை. கூட்டுல இருக்கு. கூடு கட்டடத்தோட சேர்ந்ததில்லை, புறாவுக்குச் சொந்தம்."

"அதனால?"

"மணி அடிக்கறதுக்கு முன்னாடியே பந்து கையை விட்டுப் போயிடுச்சு. இன்னும் கீழே வரலை. ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு."

"ஏணி வெச்சு எடுத்துட்டா?"

"கை வெச்சா குறுக்கீடு. அதுவா எறங்கட்டும்."

அந்த நேரத்தில் புறா வீட்டுக்கு வந்தது. பந்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. இவ்வளவு பெரிய முட்டையை எப்போது போட்டோம் என்று அதற்கே ஞாபகமில்லை போலிருக்கிறது. ஆனாலும் நம்முடையதாக இருக்காது என்று சொல்ல மனம் வரவில்லை. மார்பை ஒரு தரம் உப்பிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து அடைகாக்கத் தொடங்கிவிட்டது.

அன்றிலிருந்து அந்த அரங்கத்தில் வேறு ஆட்டம் இல்லை. ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்றை எப்படி ஆடுவது? பின்னால் வந்த மாணவிகளெல்லாம் வெளியே வெயிலில் ஆடிக் கறுத்தார்கள். புள்ளிப் பலகையில் பல்பு போனால் வாட்ச்மேன் மாற்றுவார், எண்ணை மட்டும் மாற்றமாட்டார்.

வீட்டில்தான் திண்டாட்டம். தோற்றால் சின்னவள் தங்கை, ஜெயித்தால் அக்கா. பந்து மேலே இருக்கிறவரை இரண்டுமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"இந்தாங்க, குளிச்சாச்சுன்னா நகருங்க."

"நீங்க முதல்ல போங்க, பரவாயில்லை."

"ஐயோ, நீங்க மூத்தவங்களா இருந்துட்டா எனக்குப் பாவம்."

அம்மாவுக்கு இது காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல இருந்தது. "ஒரே வயித்துல பொறந்துட்டு வங்கி மேனேஜர்கிட்ட பேசற மாதிரி பேசிக்கறதுங்களே" என்று அப்பாவிடம் பாய்ந்தாள். அவர் வெகு சாந்தமாக, "பந்து எறங்கட்டும்மா" என்றார்.

படிப்பு முடிந்தது. சின்னவள் பார்சல் அலுவலகத்தில் சேர்ந்தாள். நின்ற இடத்திலிருந்தே எந்த ஊர்ப் பார்சலையும் அந்தந்த மூட்டைக்குள் போட்டுவிடுவாள். பக்கத்து ஊர்ப் பார்சல் சிலது ரயிலுக்குக் காத்திராமல் அன்றே போய்ச் சேர்ந்ததாகவும் பேச்சு. பெரியவள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தாள். இருவருக்கும் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் யார் மூத்த மாப்பிள்ளை என்று தெரியாமல், எந்த விசேஷத்திலும் முதல் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த இரண்டில் உட்கார்ந்தார்கள்.

இதையெல்லாம் சின்னவள் பொறுத்துக்கொண்டாள். அவள் மகள் பேச ஆரம்பித்தபோதுதான் பொறுமை போயிற்று. பெரியவளைக் காட்டி, "அம்மா, இவங்க எனக்குப் பெரியம்மாவா, சித்தியா?" என்று குழந்தை கேட்டது.

"மேட்ச் முடியட்டும்டா செல்லம்."

அப்பாவைக் கேட்டாலும் மேட்ச், தாத்தாவைக் கேட்டாலும் மேட்ச். குழந்தை தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பெரியவள் வீட்டுக்குள் நுழைந்தால் கையைத் தட்டிக்கொண்டு, "மேட்ச் வந்தாச்சு! மேட்ச் பிஸ்கட் வாங்கிட்டு வந்திருக்கு!" என்று குதிக்கும். பெரியவள் முகம் தொங்கிப் போகும். சின்னவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தோற்றாலும் பரவாயில்லை, பந்து விழுந்து தொலைக்கட்டும் என்று அவள் வாய் சொல்லும். மனசு மட்டும், விழட்டும், ஆனால் வளையத்துக்குள் விழட்டும் என்று கூடச் சேர்த்துக்கொள்ளும்.

கடைசியில் கல்லூரி நிர்வாகம் கூரையைப் பிரித்து மாற்றுவதென்று முடிவெடுத்தது. அப்பா ஓய்வு பெற்றிருந்தார். ஆனால் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. விசிலைத் தேடியெடுத்துக் கழுவி, பத்து ஆட்டக்காரிகளுக்கும் ஆள் விட்டார். "எல்லாரும் விட்ட இடத்துல வந்து நிக்கணும்."

வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை, ஒருத்தி கையில் கோப்பு, இரண்டு பேருக்குப் பெரியவள் கடைக் கண்ணாடி. பழைய சீருடை யாருக்கும் தலைக்குக் கீழே இறங்கவில்லை. சின்னவள் தன் அணியின் கூடைக்கடியில், கையை நீட்டி எறிந்த பாவனையில் நின்றாள். தோள் வலித்தது.

"உங்க கை இன்னும் கொஞ்சம் மேலே இருந்தது" என்றாள் பெரியவள்.

"உங்க வாய் இன்னும் கொஞ்சம் தொறந்திருந்தது" என்றாள் சின்னவள்.

கூரைமேல் ஆசாரி முதல் திருகாணியைத் திருப்பினார். உத்திரம் லேசாக அதிர்ந்தது. கூடு சாய்ந்தது. பந்து விழுந்தது, மேலே புறா உட்கார்ந்தபடியே. கடமை என்றால் அப்படியொரு கடமை. வளையத்தின் விளிம்பில் பந்து தொப்பென்று உட்கார்ந்தது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் விழவில்லை. புறா இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. முழு அரங்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சின்னவள் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றாள். புறா அலுத்துப்போய்ச் சிறகை உதறிப் பறந்ததுதான் தாமதம், பந்து வளையத்துக்குள் வழுக்கி, வலையைத் தடவிக்கொண்டு தரையில் விழுந்தது. எம்பவேயில்லை. காற்றெல்லாம் எப்போதோ போயிருந்தது.

"புறா தள்ளிவிட்டுச்சு சார்!" என்று கத்தினார் பெரியவளின் பயிற்சியாளர். தலை நரைத்தும் குரல் நரைக்கவில்லை.

அப்பா யோசித்தார். "அந்தப் புறா எந்த டீம்ல இருக்கு?"

"எந்த டீம்லயும் இல்லை."

"அப்போ அது காத்து மாதிரி. கூடை செல்லும்."

விசிலை வாயில் வைத்து ஊதினார். முதலில் தூசி வந்தது, அப்புறம்தான் சத்தம் வந்தது. ஆட்டம் முடிந்தது.

பெரியவள் அரங்கத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தாள். சின்னவளுக்கு எதிரே வந்து நின்றாள். ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"அக்கா!"

சின்னவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாரைக் கூப்பிடுகிறாள் என்று. பிறகுதான் உறைத்தது. உச்சி குளிர்ந்துபோய் வீடு வரைக்கும் தரையில் கால் பாவாமல் நடந்தாள். "சித்தி! சித்தி!" என்று குழந்தை பெரியவளைச் சுற்றிச் சுற்றி வந்தது.

வீட்டில் அம்மா ஆளுக்கொரு தட்டில் கேக் வைத்திருந்தாள். அப்பா எடை பார்த்ததில் ஒரு துண்டு மிஞ்சிவிட்டது. சின்னவள் கை நீட்டினாள். பெரியவளும் நீட்டினாள்.

"அவகிட்ட குடுடி" என்றாள் அம்மா. "நீ பெரியவதானே, விட்டுக்குடு."

சின்னவள் திகைத்து நிற்கையிலேயே துண்டு போய்விட்டது. சாப்பிட்டதும் தட்டுகளைத் தொட்டியில் போட்டார்கள். "தங்கச்சி களைச்சுப் போய் வந்திருக்கா. நீ பெரியவதானே, நீயே கழுவிடு." சின்னவளின் குழந்தையும் பெரியவளின் குழந்தையும் ஒன்றின் முடியை ஒன்று பிடித்துக்கொண்டன. "ரெண்டையும் ஏன்டி அழவிடறே? பெரியவ நீ இருந்து என்ன புண்ணியம்?" இந்த வசனங்கள் எல்லாம் சின்னவள் பிறந்ததிலிருந்து கேட்டவைதான். ஆனால் அப்போதெல்லாம் அவை பக்கத்துக் காதுக்குப் போய்க்கொண்டிருந்தன.

நுரை வழியும் கையோடு வந்து நின்றாள். "ஏய், இன்னொரு மேட்ச் போடலாமாடி?"

பெரியவள் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு விரலில் ஒட்டிய கேக்கை நக்கினாள். எத்தனையோ வருஷ பாரத்தை இறக்கி வைத்தவள்போல முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"வேண்டாம்க்கா. எனக்கு இதுவே வசதியா இருக்கு."

சின்னவள் கையிலிருந்த ஈரத்துணியைச் சுருட்டினாள். சமையலறையிலிருந்தே, கூடத்தைத் தாண்டி, படுக்கையறைக் கூடையைப் பார்த்து விட்டெறிந்தாள். குறி தப்பவில்லை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"பெரியவ நீயே இப்படிப் பண்ணா, சின்னது என்னத்தைக் கத்துக்கும்?"