போடாமல் விட்ட ஃபியூஸ்

காலை ஒன்பது மணிக்கு வேலை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், பழைய வயர்த் துண்டுகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கண்டாள். உறை பிரிக்கப்படவில்லை. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு ஃபியூஸ் கூடு, கூடவே ஒரு பெரிய ஃபியூஸ். "இது எந்த வண்டிக்கு வந்தது?" என்று வாய்விட்டே கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் பதில் தெரிந்துவிட்டது.

பட்டறையில் எல்லோரும் அவளை வயர்க்காரி என்றே கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக வண்டிகளுக்கு மின்வேலை செய்கிறாள். முந்தின நாள் அவள் செய்து முடித்தது மருத்துவமனை ஜீப். ரோடே இல்லாத கல் மேட்டுக்கு அப்பால் இருக்கும் குடியிருப்புகளுக்கு வாரம் மூன்று நாள் மருந்தும் ஆக்சிஜன் சிலிண்டரும் கொண்டுபோகிற வண்டி அது. ஓட்டுவது அவள் கூடப்பிறந்த தம்பி. பின்சீட்டில் சிலிண்டரை அணைத்த மாதிரி உட்கார்ந்து போவது ஒரு நர்ஸ்.

அந்த ஜீப்பில் இரண்டு வேலை. ஒன்று, மேல் விளக்கு, பள்ளத்திலிருந்து இழுக்கும் வின்ச், காற்றடிக்கும் கம்ப்ரஸர் எல்லாவற்றையும் ஒரே சுவிட்ச் பலகையில் இருந்து இயக்குகிற கன்ட்ரோலர் பெட்டியைப் பொருத்துவது. இன்னொன்று, நாலு டயருக்குள்ளும் சென்சார் வைத்து, எதில் காற்று குறைகிறது என்று டிரைவர் முன்னால் ஒரு சின்னத் திரையில் காட்டுவது. கன்ட்ரோலர் பெட்டியை சீட்டுக்குப் பின்னால் வைத்து, பேட்டரியில் இருந்து கட்டை விரல் தடிமனுக்கு ஒரு கேபிளை, எஞ்சினையும் உள்பக்கத்தையும் பிரிக்கிற தகட்டில் ஓட்டை போட்டு இழுத்திருந்தாள். அந்தக் கேபிளுக்குப் பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வேண்டும். எங்கேயாவது கேபிள் உரசி இரும்பில் பட்டால் ஃபியூஸ் போய்விடும், வண்டி தப்பிக்கும். ஃபியூஸ் இல்லாவிட்டால் பேட்டரியில் இருக்கிற மொத்தச் சக்தியும் அந்த ஒரு இடத்தில் கொட்டும். கேபிள் அடுப்புக் கம்பி மாதிரி பழுத்துவிடும்.

பெட்டியோடு வந்த ஃபியூஸ் கூடு விரிசல் விட்டிருந்தது. புதுசுக்குச் சொல்லி அனுப்பினாள். அது வருவதற்குள் ஒரு தரம் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கேபிளை நேராகப் பேட்டரியில் மாட்டினாள். எல்லா விளக்கும் எரிந்தது. அப்போது பார்த்து நர்ஸ் வந்தார். திரையில் நாலு டயருக்கும் நாலு எண் மின்னியதைப் பார்த்து, "அட, டயருக்கே பிபி பார்க்கறீங்களா!" என்று சிரித்தார். சிரிப்பும் பேச்சுமாகத் தம்பி பானெட்டை மூடினான். மூடலாம் என்று தலையாட்டியது இவள்தான். புது ஃபியூஸ் கூடு அதற்குப் பிறகுதான் மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

கைபேசியை எடுத்தாள். தம்பியின் எண் எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் சொன்னது. நர்ஸின் எண்ணும் அப்படியே. மருத்துவமனை ஆபீஸுக்குப் போட்டாள்.

"ஆறரைக்கே கிளம்பிட்டாங்களே. மேட்டுக்கு அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது, சாயங்காலம்தான் பேச முடியும். என்ன விஷயம்?"

"வண்டியில வயர்லெஸ் இருக்குமே?"

"அது ரிப்பேருக்குப் போயிருக்கு. ஏன், ஏதாவது பிரச்சனையா?"

"அந்த வண்டி நிக்கணும். ஃபியூஸ் போடாம விட்டுட்டேன். யாராவது அந்தப் பக்கத்துல கிடைச்சா சொல்லுங்க, வண்டியை நிறுத்தி பேட்டரியைக் கழட்டச் சொல்லுங்க. நான் கிளம்பறேன்."

பக்கத்துக் கடை டயர்க்காரர். ஊருக்கே அவர் பஞ்சர் மாமா. அவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு, மேடு பள்ளம் பார்க்காது. அவள் ஓடிவந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் சாவியை எடுத்தார். அவள் ஸ்பேனர் பெட்டியையும் அந்த உறையையும் அள்ளிக்கொண்டு ஏறினாள்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் கைபேசி அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, அவர் உங்ககிட்ட ஏதாவது பேசினாரா? பாப்பாவுக்கு லேசா காய்ச்சல், வரும்போது மருந்து வாங்கிட்டு வரச் சொல்லணும். போனே போக மாட்டேங்குது."

"சிக்னல் இருக்காதும்மா. நான்... நான் அந்தப் பக்கம்தான் போறேன். சொல்லிடறேன்."

"நீங்க ஏன் அங்க போறீங்க?"

"ஒரு சின்ன வேலை பாக்கி." போனை வைத்தாள். சின்ன வேலை என்று சொன்ன நாக்கைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

கல் மேடு தொடங்கியது. பிக்கப் குலுங்கின குலுக்கலில் பற்கள் தாளம் போட்டன. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் மனம் அந்த ஓட்டைக்கே போயிற்று. தகட்டில் போட்ட ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கேபிள் அறுபடாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். போட்டாள். போட்ட ஞாபகம் இருக்கிறது. ஆனால் உள்ளே அமுக்கி, சுற்றிலும் விரல் விட்டுப் பார்த்தாளா? எவ்வளவு யோசித்தும் அந்த இடம் மட்டும் அவள் நினைவில் வெறுமையாக இருந்தது.

மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "பயப்படாதே. அவன் நிதானமா ஓட்டறவன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதே. முப்பது வருஷமா ஒரு நட்டைக்கூட நான் மறந்ததில்ல. வேலைன்னா முடிச்சதும் ஒரு தரம் வண்டியைச் சுத்தி வரணும்."

"மாமா, தயவுசெய்து பேசாம ஓட்டுங்க."

"சரி, சரி."

ஒரு வளைவு தாண்டியதும் தொலைவில் சாம்பல் நிறத்தில் ஏதோ எழுந்தது. அவள் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டாள். மாமா காலை அழுத்தினார். கிட்டப் போனால் வெறும் சுழல்காற்று, மண்ணைச் சுழற்றிக்கொண்டு போயிற்று. அவள் தொப்பென்று உட்கார்ந்தாள். அந்தச் சிலிண்டர் கண்ணுக்குள்ளேயே நின்றது. சாதாரண நெருப்பை யாராவது மண் அள்ளிப் போட்டாவது அணைப்பார்கள். ஆக்சிஜன் பக்கத்தில் பிடித்த நெருப்புக்கு யார் என்ன செய்ய முடியும்?

பதினொன்றே காலுக்கு ஜீப்பைப் பார்த்தார்கள். வறண்ட ஓடைக்கு நடுவில், மணலில் சக்கரம் கொஞ்சம் புதைந்து நின்றிருந்தது. முன் இடது டயர் பக்கம் தம்பி குந்தியிருந்தான். கையில் காற்றுக் குழாய். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கம்ப்ரஸர் கடகடவென்று கத்தியது. அந்த வண்டியிலேயே அதிகமாக மின்சாரம் குடிப்பது அந்தக் கம்ப்ரஸர்தான். அது முழுக்க இவள் போட்ட கேபிள் வழியாகத்தான் போகிறது.

"ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணுடா!" பிக்கப் நிற்பதற்கு முன்பே குதித்து, மணலில் கால் சறுக்க ஓடினாள்.

அவன் காதில் விழவில்லை. அக்காவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினான். பத்தடி தூரத்திலேயே அவளுக்கு அந்த வாசனை வந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகுகிற வாசனை.

"என்னக்கா, நீ எங்க இங்க?"

அவனைத் தள்ளிவிட்டு உள்ளே கையை விட்டு கம்ப்ரஸர் சுவிட்சை அணைத்தாள், சாவியைத் திருப்பினாள். திடீரென்று எல்லாம் அமைதியானது. அந்த அமைதியில் பானெட்டுக்கு அடியில் இருந்து 'சட்' என்று ஒரு சத்தம். இன்னொரு 'சட்'.

பானெட்டைத் தூக்கினாள். ரப்பர் வளையம் ஓட்டையை விட்டு நழுவி, கேபிளில் வளையல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சூட்டில் இளகிய மேலுறையைத் தகட்டு விளிம்பு அறுத்திருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. அதில் இருந்து நூல் மாதிரி புகை.

பின்சீட்டில் நர்ஸ் அசைந்தார். வண்டி லேசாக ஆடியது. 'சட்' என்று நீலப் பொறி தெறித்தது.

"ஆடாதீங்க!" அவள் கத்தின கத்தலில் தம்பியே இரண்டடி பின்னால் போனான். "நர்ஸம்மா, அப்படியே இருங்க. இறங்காதீங்க, திரும்பாதீங்க. சிலிண்டர் மூடியிருக்கா?"

"மூடித்தான் இருக்கு." குரல் மெலிந்து வந்தது. "என்ன ஆச்சு? புகை நாத்தம் வருது. நான் இறங்கிடட்டுமா?"

"வேண்டாம். நீங்க நகர்ந்தா வண்டி ஆடும். ஒரு நிமிஷம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருங்க."

பத்தாம் நம்பர் ஸ்பேனர். பெட்டியில் எட்டு இருந்தது, பன்னிரண்டு இருந்தது. மாமா பின்னால் இருந்து நீட்டினார், "இந்தா." பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டித் திருப்பினாள். வழுக்கியது. முழங்கை பட்டு வண்டி அசைந்தது, மறுபடி பொறி. இந்த முறை மேலுறையில் ஒரு சின்ன மஞ்சள் சுடர் ஒட்டிக்கொண்டு நின்றது. மாமா தோளில் இருந்த துண்டால் அதை அமுக்கினார். அவள் நட்டைத் திரும்பப் பிடித்து, மூச்சை அடக்கி, இரண்டு கையாலும் திருப்பினாள். இளகியது. முனையைப் பிடுங்கி எடுத்து, எங்கும் படாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொறி இல்லை. சத்தமும் இல்லை.

"இப்ப இறங்குங்க," என்றாள். நர்ஸ் இறங்கி நாலடி நடந்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பு என்னோடது," என்றாள் வயர்க்காரி. சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை. "ஃபியூஸ் போடல. ரப்பரை அழுத்திப் பார்க்கல. உங்களை நெருப்பு மேல உட்கார வச்சு அனுப்பிட்டேன்."

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "நீ போட்ட டயர் சென்சாரும் சரியில்லக்கா. முன் இடதுல காத்து குறையுதுன்னு கத்துச்சு. அரை மணி நேரமா அடிக்கறேன், இறக்கறேன், அடிக்கறேன். டயர் கல்லாட்டம் ஆயிடுச்சு, திரையில நம்பர் ஏறவே இல்ல. பின் இடது நம்பர்தான் ஏறுது. பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன்."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். அதை அவள் இரண்டு தடவை சரிபார்த்திருந்தாள். அது அவளுக்கு நிச்சயம்.

பஞ்சர் மாமா துண்டை உதறிக்கொண்டே இருந்தார். உதற அதில் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நேத்து சாயங்காலம் நீ போனப்புறம் ஜீப் என் கடைக்கு வந்துச்சு, முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்திப் போட்டேன். முன்னாடி தேய்மானம் ஜாஸ்தியா இருந்துச்சு. உன்கிட்ட சொல்லணும்னு தோணல."

சென்சார் டயருக்குள் இருக்கிறது, டயரோடுதான் போகும். திரைக்கு அது தெரியாது. கல் மேட்டில் பிடிப்பு கிடைக்க நாலிலும் காற்றைக் குறைத்திருந்ததால் எல்லா டயரும் தொப்பை போட்டே நின்றன. எது பஞ்சர் என்று பார்த்தால் தெரியாது. நல்ல டயருக்கு அரை மணி நேரம் காற்றடித்தான், அந்த அரை மணியில் கேபிள் கொதித்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டு ஜாக்கியை எடுக்கப் போனார். அன்றைக்கு முழுதும் அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

அவர் பஞ்சரான பின் இடது டயரை மாற்றினார். அவள் கருகின பகுதியை வெட்டி எறிந்து, கேபிளை வேறு வழியாகத் திருப்பி, ஃபியூஸ் கூட்டைப் பொருத்தினாள். ரப்பரை அமுக்கி, விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

நர்ஸ் எழுந்து வந்தார். "அங்க ஒரு தாத்தாவுக்கு மூச்சு திணறுது. போன தடவை கொடுத்த சிலிண்டர் மதியத்தோட தீர்ந்துடும். எனக்கு மெக்கானிக் வேலையெல்லாம் தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் ஏறலாமா?"

அவளைக் குலுக்கிப் போட்டது இந்தக் கேள்விதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "ஏறலாம்," என்றாள். "நானும் வரேன். உங்க பக்கத்துலயே உட்காருறேன்."

மீதி வழி முழுதும் சிலிண்டருக்கு அந்தப் பக்கம் நர்ஸும் இந்தப் பக்கம் அவளுமாக உட்கார்ந்து போனார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். வெறும் மண் வாசனை. ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாத்தாவின் மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பழைய சிலிண்டரில் முள் கடைசிக் கோட்டில் இருந்தது.

மறுநாள் அவளே மருத்துவமனைக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். அவள் வயரிங் செய்த மற்ற மூன்று வண்டிகளையும் நிறுத்தி வைத்தார்கள். அவளே திறந்து காட்டினாள், இன்னொருவர் பார்த்தார். மூன்றும் சரியாகவே இருந்தன. அப்படியும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் தம்பி பட்டறைக்கு வந்தான். ஓடையில் இருந்து திரும்பும்போது ஜோக் அடித்துக்கொண்டே ஓட்டியவன், "அக்கா, வீட்டுக்குப் போய் நானே ஃபியூஸ் ஆயிடுவேன்" என்று நர்ஸைச் சிரிக்க வைத்தவன். இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நீ சொன்ன மருந்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போனதும் பாப்பா தூங்கிட்டிருந்தா," என்றான். "பக்கத்துல படுத்தேன். அப்புறம் பாத்ரூம்ல போய்த் தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். யாருக்கும் தெரியாது."

அவள் கையில் இருந்த வயரைக் கீழே வைத்தாள்.

"உன் மேல கோவம் இல்லக்கா. பயம்தான். நாளைக்கு மறுபடி வண்டி எடுக்கணும்."

"எப்ப?"

"ஆறரைக்கு."

"அஞ்சரைக்கு அங்க வரேன்," என்றாள். "பானெட்டை நாம ரெண்டு பேருமா சேர்ந்து திறந்து பார்க்கலாம்."

அவன் தலையாட்டினான். எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவளும் இன்னொரு ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.