ஏழாவது ரீலில் சாகாத பையன்

1931ஆம் ஆண்டு ஆவணியில் கண்டிக்கு வந்த ஊமைப்படமொன்றில் நடித்த இரண்டு பிள்ளைகளும் மூன்று வாரத்தில் தலா நாலு இறாத்தல் எடை கூடினார்கள். படப்பெட்டியில் வந்தபோது அவர்கள் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார்கள். தாயில்லாத ஓர் அக்காவும் தம்பியும் ஏதோ ஒரு குளிர்நாட்டுத் தெருவில் கந்தல் பொறுக்கிப் பிழைப்பதுதான் கதை. ஏழாவது ரீலில் தம்பி பசியால் இறந்துவிடுவான். சாஹுல் ஹமீது முதலாளியின் கொட்டகையில் திரைக்கு அடியில் உட்கார்ந்து ஹார்மோனியம் வாசித்தவள் மேபல். அவளுடைய தம்பி கிளறன்ஸ் ஆறு வயதில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் சாப்பாடில்லாமல் கிடந்து இறந்தவன். அதனால் முதல் நாள் ஏழாவது ரீலில் அவளுக்குக் கை ஓடவில்லை.

மறுநாள் பிற்பகல் காட்சிக்குத் தனக்கென்று கொண்டுபோன ரோஸ் பாண் ரொட்டியை ஹார்மோனியத்தின் மேல் வைத்திருந்தாள். மூன்றாவது ரீலில் அக்காக்காரி குனிந்து, கையைத் திரைக்கு வெளியே நீட்டி அதை எடுத்தாள். திரைக்குள் போனதும் பாண் சாம்பல் நிறமானது. அவள் அதைப் பிய்த்துப் பெரிய பாதியைத் தம்பிக்குக் கொடுத்தாள். மேபல் ஒரு சுரமும் தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இடியப்பமும் சீனிச்சம்பலும் வாழைப்பழமும் வரிசையாக உள்ளே போயின. மூன்றாவது கிழமை, ஏழாவது ரீலில் பையன் சாகவில்லை. எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மதிலேறிக் குதித்து ஓடினான்.

முதலாளி மேபலைக் கூப்பிட்டார். "சனம் அழத்தானே புள்ள வாற. இந்தப் பொடியன் சாகாட்டி நான் என்ன செய்ற?"

"இனிச் சாக மாட்டான் முதலாளி. நல்லா சாப்பிடுறான்."

"வெள்ளிக்கிழமை பெட்டி மாத்தளைக்குப் போகுது. அங்க யாரு குடுக்கப் போறா?"

அதை மேபல் யோசித்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, 'இதிலுள்ள பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொடுக்கவும்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, கஞ்சிப்பசை தடவிப் பெட்டியின் மூடியில் ஒட்டினாள். முதலாளி பார்த்தார். கிழிக்கவில்லை.

மாத்தளைக்காரர்கள் கொடுத்தார்கள். பதுளையில் பாற்சோறு கொடுத்தார்கள், யாழ்ப்பாணத்தில் ஒடியல் கூழ். மழைக்காலத்தில் கம்பளையில் யாரோ ஒரு குடையும் கொடுத்திருந்தார்கள். பேசும் படங்கள் வந்து, ஹார்மோனியத்தில் கரப்பான் குடியேறி, மேபல் வத்தேகமப் பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சராகி ஏழு வருடம் போயிற்று.

1938இல் படம் மறுபடியும் கண்டிக்கு வந்தது. முதலாளி ஆளனுப்பி மேபலை அழைப்பித்தார். முதல் ரீலில் அக்காக்காரி தைத்த சட்டைகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டாவது ரீலில் வெறும் தெருதான் ஓடியது, மூன்றாவதிலும் அதேதான். பையனுக்கு இப்போது அச்சுக்கூடத்தில் வேலை என்றும் ஆறு மணிக்குத்தான் விடுவார்கள் என்றும் பதுளையில் படம் பார்த்துவிட்டு வந்த ஒருவர் பின்வரிசை வாங்கில் இருந்தபடி சொன்னார். சனம் சரியென்று கால்களை நீட்டிக்கொண்டது. அவன் வேலை முடிந்து வரும்வரை மேபல் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள்.