ஜியாயோ என்று கத்தாதீர்கள்

எங்கள் ஹுவாலியன் கடற்கரையில் கிளம்பி, வூலிங் மலையுச்சி வரை சைக்கிளில் ஏறுகிற போட்டி அது. ஒரே மூச்சில் ஏறுவது என்று பெருமையாகச் சொல்வோம். போன வருஷம் என் அண்ணன் ஷெங்-யுவானுக்கு அந்த மூச்சே நின்றுபோகப் பார்த்தது.

அண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. வழியோரம் யாராவது "ஜியாயோ" என்று உற்சாகக் குரல் கொடுத்துவிட்டால் போதும், கால் தானாக வேகம் பிடிக்கும். நமக்காக நின்று கத்துகிறவர்களுக்கு முன்னால் மெதுவாகப் போவது மரியாதையில்லையாம். கோயில் வாசலில் கத்தினார்கள், எழுந்து மிதித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேளம் தட்டினார்கள், இன்னும் மிதித்தான். பாக்குக் கடைக்காரி சும்மா சிரித்ததற்கும் மிதித்திருப்பான். பாதி மலையிலேயே சக்தியெல்லாம் தீர்ந்து, காற்று மெலிந்த உயரத்தில் உதடு நீலம் பாய்ந்து, சாலைத் தடுப்பின் மேல் சரிந்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம்.

ஏறலாம், ஆனால் பேச்சு வருகிற வேகத்தில்தான் ஏற வேண்டும், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் இந்த இதயம் இன்னொரு முறை தாங்காது என்றார் டாக்டர். அண்ணன் காதில் விழுந்தது 'ஏறலாம்' மட்டும். வேறு வழியில்லாமல் இந்த வருஷம் நானும் பெயர் கொடுத்தேன்.

"பேசிட்டே வாண்ணே. உன் பேச்சு நின்னா என் உசுரு நின்னுடும்."

"என்னத்தப் பேசறது? உன் மாமியாரப் பத்திப் பேசுவோமா?"

"பேசு. மலை முடியறவரைக்கும் விஷயம் இருக்கு."

பேசினான். ஆனாலும் தூரத்தில் நாலு பேர் கும்பலாகத் தெரிந்தாலே என் சைக்கிளை அவனை ஒட்டிக் கொண்டுபோனேன். கோயில் வாசலில் அவன் இருக்கையிலிருந்து பாதி எழுந்தான். நான் தொண்டையைச் செருமினேன். உட்கார்ந்துவிட்டான். பள்ளிக்கூட மேளத்துக்குக் கையை மட்டும் ஆட்டினான். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மலை இன்னும் நிறைய இருந்தது.

உயரமான பகுதியில் ஒரு சுரங்கப்பாதை வந்தது. உள்ளே இருட்டு, வண்டிகளின் இரைச்சல். வெளியே வந்ததும் மூடுபனி முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து, மேலே பனிக்குள்ளிருந்து பெருங்குரலாகக் கேட்டது: "ஜியாயோ! ஜியாயோ!"

போய்விட்டான் என்று நினைத்தேன். சுரங்க இருட்டில் என்னைத் தாண்டி, அந்தக் குரலுக்கு ஓடிவிட்டான்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. எழுந்து நின்று மிதித்தேன். ஒவ்வொரு வளைவிலும் தடுப்பின் மேல் நீலம் பாய்ந்த உதடு கிடக்குமோ என்று பார்த்துக்கொண்டே மிதித்தேன். கத்தியவர்களைக் கடந்தபோது அவர்கள் எனக்காகவும் கத்தினார்கள், இன்னும் வேகமாக மிதித்தேன். செங்குத்தான ஏற்றத்தில் தொடை இரண்டும் மரத்துப்போயின. கண்ணில் பூச்சி பறந்தது. சைக்கிளோடு தடுப்பில் மோதிச் சாய்ந்தேன். கீழே பள்ளம் தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு சைக்கிள் நிதானமாக வந்தது. மஞ்சள் மழைக்கோட்டு. அண்ணன்.

சுரங்க வாசலில் மழைக்கோட்டு போட நின்றானாம். நனைந்து நடுங்கிக்கொண்டே ஏறியது போன வருஷத் தப்புகளில் ஒன்றாம். என்னைக் கூப்பிட்டும் இருக்கிறான், இரைச்சலில் எனக்குத்தான் கேட்கவில்லை.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசு, பாக்கலாம்," என்றான்.

எனக்கு மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை.

"அப்ப நீ எறங்கிக்க. டாக்டர் சொன்னது உனக்கும்தான்."

முடியாதவர்களை ஏற்றிக்கொள்கிற வேன் வரும்வரை என் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றான். என்னை ஏற்றிவிட்டு, தனியாகக் கிளம்பினான். போகாதே என்று சொல்லக்கூட எனக்குக் குரல் எழும்பவில்லை.

வேன் இன்னும் இருவரை ஏற்றிக்கொண்டு மெல்ல மேலே ஏறியது. உச்சிக்கு முந்தைய வளைவில் மஞ்சள் கோட்டு தெரிந்தது. வேனில் இருந்த எல்லோரும் ஜன்னலைத் திறந்து ஒரே குரலில் கத்தினார்கள்: "ஜியாயோ!" தடுக்கக் கை நீட்டினேன். தாமதமாகிவிட்டது.

நான் அவன் காலையே பார்த்தேன்.

அண்ணன் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். கால் அதே நிதானத்தில் சுற்றியது. வேன் அவனைக் கடந்தபோது ஜன்னலோரமாக அவன் குரல் கேட்டது. என் மாமியாரைப் பற்றித் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தான்.